ஒரு சாண் தூரம்

கண்டக்டர் சுயம்புலிங்கத்தின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வேட்டி சட்டைகளைக் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்து, செருப்பைக்கூட ஒருத்தர் அளவு பார்த்து மாட்டிக்கொண்டு போன பிறகு, யாரும் கை நீட்டாமல் மிஞ்சிக் கிடந்தது அவருடைய மூக்குக்கண்ணாடி ஒன்றுதான். சோடா பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி வைத்த மாதிரி அவ்வளவு கனம். அதிலும் ஒரு பக்கம் நொறுங்கிப்போய் மறுபக்கம் மட்டும்தான் முழுசாக இருந்தது. செத்தவர் சட்டையைப் போட்டுக்கொள்ளலாம், செத்தவர் கண்ணை எவன் போட்டுக்கொள்வான்? வைத்திருக்கவும் மனசில்லாமல் வீசவும் மனசில்லாமல் அவர் பெண்சாதி சந்தனக்கனி அதை முந்தானையில் முடிந்துகொண்டு கடைத்தெருவில் இருக்கிற மசூது பாயின் கண்ணாடிக் கடைக்குப் போனாள். இதே பவர் உள்ள ஏழைபாழை யாராவது வந்தால் கொடுத்துவிடுங்கள் பாய் என்றாள். மசூது பாய் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இந்தப் பவரில் இந்த வட்டாரத்துக்கே ஒரு ஆள்தான் இருந்தார், அவரும் போய்விட்டார் என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

சுயம்புலிங்கம் போன விதத்தைக் காத்தான்குளத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். பஸ் கல்லுவிளை விலக்கில் நின்றது. இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள், ஏற வேண்டியவர்கள் ஏறினார்கள், விசில் வரவில்லை. டிரைவர் காத்திருந்தார். கண்டக்டர் பின்வாசல் ஓரத்துச் சீட்டில் சாய்ந்தபடி ஏதோ கணக்குப் பார்க்கிறார் என்று ஜனங்களும் காத்திருந்தார்கள், ஏனென்றால் அவர் விசில் கொடுக்காமல் அந்த வண்டி நகர்ந்து யாரும் கண்டதில்லை. ஆடு மேய்க்கிறவள் ஒருத்தி தன் ஆடுகளையெல்லாம் ரோட்டைக் கடத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தாள், எதிரே வந்த லாரிக்காரன் ஒதுங்கிப் போனான், ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. கடைசியில் ஒரு பெண் டிக்கெட்டுக்குக் காசை நீட்டித் தோளைத் தொட்டபோதுதான் அவர் மூக்கிலிருந்து கண்ணாடி நழுவி இரும்புத் தரையில் விழுந்தது.

சந்தனக்கனி ஊர் எதிர்பார்த்த அளவுக்கு அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நாலு பேர் சொல்லவும் செய்தார்கள். அவளுக்கு அழுகை வராமல் இல்லை. அழுகைக்கு முன்னால் ஒரு கேள்வி வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் என்னை ஒரு நாளாவது பார்த்தாரா?

பாருங்கள், ஊரிலுள்ள அத்தனை பேரையும் பார்க்கிற கண் அவருக்கு. சாயங்காலம் வீட்டு வாசற்படி ஏறியதும் முதல் வேலையாகக் கண்ணாடியைக் கழற்றிச் சுவர் மாடத்தில் வைப்பார், முகம் கழுவுவார், சாப்பிட உட்காருவார். தண்ணி கேட்பார். அவள் நல்ல சேலை கட்டியிருந்தாலும் ஒன்றுதான், தலைவலியோடு முனகிக்கொண்டு நின்றாலும் ஒன்றுதான், அவள் நிற்கிற பக்கமாக முகம் திரும்பும், பார்வை அவளைத் தாண்டி எங்கேயோ போய் நிற்கும். விடிவதற்கு முன்னால் முதல் வண்டிக்குப் போக வேண்டும். எழுப்புங்கள், காப்பி போட்டுத் தருகிறேன் என்று அவள் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். எழுப்பியதே இல்லை. தானே கடுங்காப்பி போட்டுக் குடித்துவிட்டு, அவளுக்கும் ஒரு தம்ளரில் ஊற்றி மூடி வைத்துவிட்டுப் போயிருப்பார். அவள் கண் விழிக்கும்போது காப்பி ஆறியிருக்கும்.

பிள்ளை இல்லை. அதற்காக அவர் வீட்டு ஆட்கள் பேசாத பேச்சில்லை. அவர் அவர்களோடு சேர்ந்து ஏசவும் இல்லை, ஏசாதீர்கள் என்று தடுக்கவும் இல்லை. ஏசியிருந்தால் தேவலை என்று சந்தனக்கனிக்குத் தோன்றும், ஏசுகிறவன் முகத்தையாவது பார்ப்பானே. போதாக்குறைக்கு, என் வண்டியில் ஏறாதே, அடுத்த வண்டியில் வா என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டார். பெண்சாதியிடம் டிக்கெட் காசு வாங்காவிட்டால் களவு, வாங்கினால் ஜனம் சிரிக்கும் என்பது அவர் நியாயம். அவள் காய்கறிக் கூடையோடு ஸ்டாப்பில் நிற்பாள், அவர் வண்டி கடந்து போகும், அவர் அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்வார். மலடியின் முகத்தைப் பஸ் ஜனத்துக்குக் காட்ட வெட்கப்படுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்து நினைத்து அது உறுதியாகவே ஆகிவிட்டது.

அந்த வருஷம் ஆடிக்காற்று ஒரு ஆட்டம் ஆடியது. காற்றாடி மரங்களை நட்டு மின்சாரம் எடுக்கிற ஊர்ப்பக்கம் அது, கொடியில் காயப்போட்ட சேலையை அடுத்த தெருக் கிணற்றில் தேட வேண்டும். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் முளைப்பாரி ஊர்வலத்தைப் படமெடுக்கப் போன ஸ்டூடியோ ஞானசிகாமணி, மூன்று கால் ஸ்டாண்டில் கேமராவைப் பூட்டிவிட்டு வியர்வையைத் துடைக்கத் துண்டை எடுத்தார், அவ்வளவுதான். கேமரா முகங்குப்புற விழுந்தது. எடுத்துப் பார்த்தால் லென்ஸின் முன்கண்ணாடியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரு பிளவு.

ஞானசிகாமணி அந்த லென்ஸை மஞ்சள் பையில் பஞ்சு வைத்துப் பொதிந்துகொண்டு நாகர்கோவிலுக்குப் போனார், திருநெல்வேலிக்குப் போனார், மதுரைக்கும் போனார். போன இடத்திலெல்லாம் அதை ஒரு தரம் திருப்பிப் பார்த்து, இந்த மாடலுக்கெல்லாம் இப்போது சாமான் வருவதில்லை அண்ணாச்சி, புதுசு வாங்கிவிடுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியவர் மாதிரி வாடிப்போய் ஊருக்குத் திரும்பினார். கடைசியில் பாய் கடைக்குப் போய், ஏதாவது பண்ணுங்கள் பாய், கண்ணாடி எல்லாம் ஒரே கண்ணாடிதானே என்றார். அப்படி இல்லை என்று மசூது பாய்க்குத் தெரியும். ஆனாலும் சோறு போடுகிற சாமான் உடைந்து நிற்கிற ஆளிடம் பாடம் நடத்த முடியுமா? கடையிலிருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார், எதுவும் கனம் போதவில்லை. இழுப்பறையைத் திறந்தார். கண்டக்டரின் முழுசான ஒற்றைக் கண்ணாடியைக் கழற்றி, தேய்த்து, வட்டமாக்கி, லென்ஸுக்குள் இறக்கினார். தாயின் மடியில் பிள்ளை உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டது.

முதலில் அந்தக் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தவர் ரேஷன் கடை பொன்னுமுத்து. ஏதோ லைசென்ஸுக்குப் போட்டோ வேண்டும் என்று இஸ்திரி போட்ட சட்டையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். படத்தைக் கழுவிப் பார்த்தால் சிரிப்பில்லை. தாடை சவரம் பண்ணாமல் கிடந்தது, சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தது, கையில் தூக்குச்சட்டி இருந்தது. பின்னால் ஸ்டூடியோவின் அருவி வரைந்த திரை தொங்க வேண்டிய இடத்தில் பஸ் ஜன்னல் கம்பிகளும், அதற்கு அப்பால் சாய்ந்தோடுகிற பனைகளும் தெரிந்தன. பொன்னுமுத்து அதை நெடுநேரம் பார்த்தார். இது என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம், தினம் கஞ்சி கொண்டுபோனேன் என்றார். பிறகு இன்னும் இரண்டு பிரதி போட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய் மூக்கைச் சிந்தினார். ஞானசிகாமணியும் பிரதி போட்டுக் கொடுத்தார்.

அடுத்து வந்தவர்களுக்கும் அப்படித்தான். பிரம்பால் ஊரையே நடுங்கவைத்த ரோஸ்மேரி டீச்சர் வந்தாள். படத்தில் யாரோ பெற்ற பிள்ளை அவள் மடியில் உட்கார்ந்திருந்தது, பஸ் குலுங்கும்போது அதன் தலை கம்பியில் இடிக்காமல் அவள் தன் உள்ளங்கையை இடையில் வைத்திருந்தாள். பஞ்சாயத்துத் தலைவர் மாலையோடு உட்கார்ந்து எடுத்துக்கொண்டார். படத்தில் மீசை அரும்பிய வயசில் டிக்கெட் எடுக்காமல் முன்வாசல் கூட்டத்துக்குள் குனிந்து ஒளிந்துகொண்டிருந்தார். ஸ்டூடியோவை இழுத்துப் பூட்டுகிறேன் பார் என்று குதித்தார், பிறகு அந்தப் படத்தை யாருக்கும் காட்டாமல் இருந்தால் போதும் என்று இறங்கி வந்தார், அதற்குள் ஊரில் எல்லோரும் பார்த்தாயிற்று. பஸ்ஸில் ஒரு நாளும் ஏறாத பணக்காரர்களுக்குப் படம் சாதாரணமாக வந்தது, பின்னால் அருவி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு அது கௌரவக் குறைச்சலாகப் போய்விட்டது.

மசூது பாய் உண்மையைச் சொன்னார், அது கண்டக்டர் கண்ணாடி என்று. ஓ, அப்படியா என்று கேட்டுக்கொண்டார்களே தவிர யாரும் அதை அதிசயம் என்று சொல்லவில்லை. அப்படியும் இருக்கும், அந்த மனுஷன் பார்த்த பார்வை வீணாகவா போகும் என்றார்கள். பாஸ்போர்ட் ஆபீஸில் அந்தப் படங்களைத் திருப்பி அனுப்பினார்கள், அதனால் சர்க்கார் காரியத்துக்குப் பக்கத்து ஊர் ஸ்டூடியோ, வீட்டில் மாட்டுவதற்கு ஞானசிகாமணி ஸ்டூடியோ என்று வியாபாரிகள் சங்கத்தில் கூடிப் பேசி முடிவு பண்ணினார்கள். பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையின் கண்டக்டர் போட்டோவைக் கேட்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் மழுப்பினார்கள், மழுப்பியதே பதிலாகிவிட்டது. சிலர் ஸ்டூடியோ இருக்கிற தெருவையே சுற்றிக்கொண்டு போனார்கள். சிலர் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த தம்பியின் படத்தைப் பார்த்துவிட்டு நேரே அவன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்கள். அந்த ஊரில் மழை பெய்வதையும் கரண்ட் போவதையும் போல அது ஒரு நடப்பாக ஆகிவிட்டது.

தையல்காரி லீலாபாய் புருஷனோடு சேர்ந்து படமெடுக்க வந்தது மட்டும் வேறு மாதிரி. படத்தில் அவள் தனியாக இருந்தாள். ஒரு கன்னம் வீங்கி, உதடு கிழிந்து, முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, கடைசி சீட்டில் மூலையோடு மூலையாக ஒடுங்கியிருந்தாள். ஒரு நாள் விடிகாலை முதல் வண்டியில் தாய் வீட்டுக்குப் போய், வாசலைத் தொடாமலேயே அடுத்த வண்டியில் திரும்பி வந்தவள் அவள். வீட்டில் யாருக்கும் தெரியாது. படம் அவள் அண்ணன்மார் கைக்குப் போனது, அவர்கள் வந்து தங்கையைக் கூட்டிக்கொண்டு போனார்கள், புருஷன்காரன் தெருவில் தலை குனிந்து நடந்தான். லீலாபாய் போவதற்கு முன்னால் சந்தனக்கனி வீட்டுக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

சந்தனக்கனிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. ஒரு சாயங்காலம் அவர் சோற்றில் கைவைத்து, அப்படியே எழுந்து கை கழுவிவிட்டார். அவருக்குக் குழம்பு பிடிக்கவில்லை என்று நினைத்து அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இப்போது ஒவ்வொரு படமாகக் கேள்விப்படக் கேள்விப்பட, அவர் சாப்பிடாமல் எழுந்த நாட்களுக்கெல்லாம் ஒவ்வொரு முகம் கிடைத்தது. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பெருமைக்கு அடியிலே நெஞ்சு எரிந்தது. ஊராள் வீட்டு வீக்கமெல்லாம் தெரிந்த மனுஷனுக்கு, உள்ளே கிடந்த என் வீக்கம் தெரியவில்லையா?

நீ எப்போது எடுக்கப் போகிறாய் என்று குழாயடியில் கேட்டார்கள். கட்டின பெண்சாதியை எப்படிப் பார்த்திருப்பார், மகாலட்சுமி மாதிரி வரும் பாரேன் என்றார்கள். அவள் சிரித்து மழுப்பினாள். பயம். படத்தில் மலடி ஒருத்தி உட்கார்ந்திருந்தால்? காய்கறிக் கூடையோடு, யாருக்கும் வேண்டாத ஒருத்தி ஸ்டாப்பில் நின்றால்? தெரியாமல் இருப்பதே நல்லது என்று கொஞ்ச நாள், தெரிந்து தொலைந்தால் தேவலை என்று கொஞ்ச நாள் இப்படியே கிடந்து அல்லாடினாள். பிறகு ஒரு காலையில் குளித்து, அவருக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ தெரியாத ஒரு பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தெருவில் கூட்டம் கூடிவிட்டது.

படத்தில் அவள் இல்லை. இல்லை என்றும் சொல்ல முடியாது. பின்னாலிருந்த அருவித்திரை நூல் நூலாகத் தெளிவாக விழுந்திருந்தது, ஸ்டூலின் கால்கூடத் தெரிந்தது. அவள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பச்சையா சாம்பலா என்று சொல்ல முடியாத ஒரு புகை. முகம் என்று காட்ட ஒன்றும் இல்லை. ஞானசிகாமணி அதிர்ந்துபோய் இன்னொன்று எடுத்தார், விளக்கை மாற்றிப் போட்டு மறுபடியும் எடுத்தார். எல்லாவற்றிலும் புகைதான். கூட்டம் மெல்லக் கலைந்தது. ஒருத்தி மட்டும் போகிறபோது, பாவம் என்று சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அது சந்தனக்கனியின் காதில் விழுந்துவிட்டது.

அன்றைக்குத்தான் அவள் அழுதாள். கதவைச் சாத்திக்கொண்டு, பதினாறு நாளும் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். பார்க்கவே இல்லை என்று ஊரறியத் தெரிந்தாயிற்று. வெறுத்திருந்தால்கூட ஒரு முகம் விழுந்திருக்குமே. குழாயடிக்குப் போவதை விட்டாள், பக்கத்து வீட்டுக்காரி ஒரு குடம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். மனசு கேட்காமல் மசூது பாய் ஒரு நாள் வந்து, ஆறுதல் சொல்லத் தெரியாமல், கண்ணாடி எடுத்த பிறகு மிஞ்சிய வெறும் பிரேமைக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதைப் பழைய பழக்கத்தில் சுவர் மாடத்தில் வைத்தாள்.

சில நாள் கழித்து, விடிகிற நேரத்தில், முதல் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டு அவள் கண் விழித்தாள். படுத்தபடியே மாடத்தைப் பார்த்தாள். பிரேம் அங்கே இருந்தது. அவர் வீட்டில் இருந்த நேரமெல்லாம் அது அங்கேதான் இருந்தது. வந்ததும் கழற்றுவார், போகும்போது செருப்பையும் மாட்டிய பிறகு கடைசியாகத்தான் எடுப்பார். அந்தக் கண்ணாடி வழியாக அவர் வீட்டுக்குள் எதையுமே பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. ஏன், பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை. புட்டிக்கண்ணாடி போட்ட மாப்பிள்ளையை யார் கட்டுவார்கள் என்று வீட்டில் கழற்றி வைக்கச் சொல்லி, அவர் தட்டித் தடவிக் காப்பித் தம்ளரைத் தட்டிவிட, ஊரே சிரித்தது. அவர் கண்ணாடி போடுகிறவர் என்று கல்யாணத்துக்கு மறுநாள்தான் அவளுக்கே தெரிந்தது.

அப்போது அது அவளுக்கு ஞாபகம் வந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமான முதல் வாரத்தில், சமையல்கட்டில், அவர் முதல்முதலாக அந்தக் கண்ணாடியோடு வந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றபோது, அவள் வெட்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "யப்பா, இதப் போட்டுக்கிட்டு என்னையப் பாக்காதீங்க, நண்டுக் கண்ணு மாதிரி இருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தாள், அவரும் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றினார். அவள் மறந்துவிட்டாள். அந்த மனுஷன் அதை ஒரு சத்தியம் மாதிரி சாகிறவரை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டு வாசலில் மட்டுமா, பஸ்ஸில் போகும்போது அவள் நிற்கிற ஸ்டாப் வந்தால் கழற்ற நேரமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அட பாவி மனுஷா, ஒரு பேச்சுக்குச் சொன்னதை இப்படியா பிடித்துக்கொள்வது என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கடை திறக்கிறதுக்கு முன்னாலேயே போய் மசூது பாய் கடை வாசலில் நின்றாள். அவிய கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தூரம் பார்ப்பாவ பாய் என்று கேட்டாள். பாய் யோசித்தார், பிறகு வலது கையை நீட்டிப் பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினார்.

"ஒரு சாண், தாயி. அதுக்குள்ள வந்துட்டா எறும்புக் காலைக்கூட எண்ணிருவாரு. அதுக்கு அங்கிட்டு எல்லாம் பஞ்சுப்பொதிதான்."

அவள் அந்தச் சாணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நேரே ஸ்டூடியோவுக்குப் போனாள். கேமராவை என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து எடுங்கள் அண்ணாச்சி என்றாள். ஞானசிகாமணி தலையைச் சொறிந்தார். இந்தக் கேமராவுக்கு அவ்வளவு கிட்டத்தில் போகஸ் நிற்காது, ஒன்றும் தெரியாது, மறுபடியும் புகையாக வந்தால் உன் மனசுதான் புண்படும் என்றார். வந்தால் வரட்டும் என்றாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார், கேமராவைத் தாழ்த்தினார், லென்ஸைக் கொண்டுவந்து அவள் மூக்கு நுனிக்கு நேரே நிறுத்தினார். அவள் தன் கையாலேயே சாண் வைத்து அளந்து பார்த்துக்கொண்டாள். இரண்டு பெரிய விளக்கும் எரிந்தன. இந்தத் தரம் ஒரு கணமும் தவறக்கூடாது, அவர் பார்க்கிறபோது நானும் பார்த்துவிட வேண்டும் என்று அவள் கண்ணை அகல விரித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கட்டியது, இமைக்கவில்லை. படம் எடுத்து முடித்து ஞானசிகாமணி போதும் என்று சொன்ன பிறகுதான் இமைத்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காத்தான்குளத்தில் கண் மூடிய படத்தை யாரும் வீட்டில் மாட்டமாட்டார்கள். உயிரோடு இருந்தபோது போட்டோவே எடுக்காதவர்கள் செத்துப்போனால், நாற்காலியில் சாத்தி உட்காரவைத்துப் படமெடுத்து, ஞானசிகாமணி மெல்லிய பிரஷ்ஷால் மூடிய இமையின் மேல் இரண்டு விழிகளை வரைந்து கொடுப்பார். கண் திறக்கிறது என்று அதற்குப் பெயர். அவருக்கு வரையத் தெரிந்தது ஒரே ஒரு ஜோடிக் கண்தான், அது அவருடைய அப்பச்சியின் கண். ஊரில் செத்தவர்களில் பாதிப்பேர் அந்தக் கண்ணால்தான் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

இருட்டறைக்குள் போன ஞானசிகாமணி வெளியே வர நேரமாகியது. வந்தபோது ஈரப் படத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். புகை இல்லை. படம் முழுக்க ஒரு முகம், அதுவும் முழு முகம் இல்லை, நெற்றியில் பாதியும் ஒரு கன்னமும் மூக்குத்தியும் வாயும்தான். அம்மைத் தழும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. காதோரத்துப் பூனைமயிர் தெரிந்தது. தலையணையின் மடிப்பு கன்னத்தில் பதிந்திருந்தது, நெற்றியில் ஒட்டிய ஒற்றை நரைமுடியை யாரோ அப்போதுதான் ஊதி ஒதுக்கிவிட்ட மாதிரி அது பாதி எழும்பி நின்றது. ஸ்டூடியோவின் பெரிய விளக்குகள் அதில் இல்லை. வீட்டில் விடிய விடிய எரிகிற ஜீரோ வாட் பல்பின் மங்கல் வெளிச்சம்தான் கன்னத்தில் கிடந்தது. கண் இரண்டும் மூடியிருந்தன. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சந்தனக்கனி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் இரண்டு நாள் பார்த்த பார்வை இல்லை அது. தினம், முதல் வண்டிக்குப் போகிறதுக்கு முன்னால், காப்பியை மூடி வைத்துவிட்டு, கண்ணாடியை எடுக்கப் போவதற்கு முன்னால், அவள் படுத்த பாயோரத்தில் முழங்காலிட்டுக் குனிந்து, மூச்சு படுகிற தூரத்தில் இந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்த மனுஷன் ஊரைப் பார்க்கப் போயிருக்கிறார். எழுப்பாமல் போனது அதற்குத்தான். அவளுக்குத் தெரியாமல் போனதும் அதனால்தான். ஒரே ஒரு நாள் முன்கூட்டி முழிப்புத் தட்டியிருந்தால் போதுமே என்று நினைத்து அவள் அழுதாள்.

ஞானசிகாமணி அவள் அழுகையை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். நல்ல படம், வராத படம் வந்திருக்கிறது, கண் மட்டும் இப்படி மூடிக்கொண்டு போய்விட்டதே, உயிரோடு இருக்கிறவள் படத்தை இப்படி மாட்டினால் ஊர் என்ன சொல்லும் என்று அவருக்குச் சங்கடமாக இருந்தது. வருத்தப்படாதே தங்கச்சி, ஒரு நிமிஷத்தில் திறந்துவிடுகிறேன் என்று பிரஷ்ஷை எடுத்து மையில் தொட்டார், படத்தின் மேல் குனிந்தார்.

சந்தனக்கனி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணாச்சி, தொறக்காதீங்க. நான் கண்ணு முழிச்சிட்டா அவிய வண்டிக்குப் பொறப்பட்டுப் போயிருவாவ."

ஞானசிகாமணி பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு, படம் காய்கிறவரை ஜன்னலைச் சாத்தினார், வெளியே காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது.